பெரும்பாறைக்கு ஏறி வரும் புது ஆசிரியர்களுக்கு

பெரும்பாறை, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலைப் பள்ளிகளில் இந்த ஜூனில் சேரும் தம்பிகளே, தங்கைகளே, வாருங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் வென்று நிரந்தர வேலைக்கு வந்தவர்கள் உங்களில் சிலர். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக வந்தவர்கள் சிலர். பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காகச் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் தமிழ் வாசிக்கவும் ஆங்கிலம் பேசவும் துணையிருக்க இந்த ஊர்களிலிருந்தே வந்திருக்கும் பட்டதாரிப் பெண்களும் இருக்கிறீர்கள். இந்த மலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற உரிமையில் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். இங்கே பல பிள்ளைகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைப் படிப்பு வராததன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் அதிகம். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

1. முதல் இரண்டு வாரம் பேச விடுங்கள்.

ஆறாம் வகுப்பில் உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. சுற்றியுள்ள சிற்றூர்களின் ஈராசிரியர் பள்ளிகளில் படித்தவர்கள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் பள்ளி அது. அங்கே ஒரே அறையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சருக்கு எல்லா வீடும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இங்கே திடீரென்று மணிக்கு ஒரு ஆசிரியர், பாடத்துக்கு ஒரு நோட்டு, பெயர் தெரியாத முப்பது முகம். முதல் நாளே பாடப் புத்தகத்தை விரித்தால் என்ன நடக்கும்? முன்வரிசை நான்கு பேர் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் அந்த நான்கு பேரின் முதுகைப் பார்த்தபடி வருடத்தைக் கழித்துவிடுவார்கள்.

அதனால் முதலில் பேசுங்கள். பள்ளிக்கு எந்த வழியாக வந்தாய், வழியில் என்ன பார்த்தாய், வீட்டில் மிளகுக்கொடி எந்த மரத்தில் ஏற்றியிருக்கிறார்கள், இந்த வருடம் பலா எப்படி என்று கேளுங்கள். ஒருவரை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். இருவர் இருவராகத் திரும்பி உட்கார்ந்து தங்களுக்குள் சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் நடுவே நடந்து காது கொடுங்கள். யார் கதையாகச் சொல்கிறான், யார் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துகிறாள், யார் பக்கத்துப் பிள்ளையைப் பேச வைக்கிறாள் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். 2025-இல் தொடங்கிய திறன் திட்டத்தின்படி, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களைக் கண்டறிந்து தனியாகக் கற்பிக்கச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்துத் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து அந்தப் பட்டியலைப் போட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாத பிள்ளை வேறு, சொல்ல விஷயம் இல்லாத பிள்ளை வேறு. இரண்டாவது வகைப் பிள்ளையை இந்த மலையில் நான் பார்த்ததே இல்லை.

2. பளியர் வீட்டுப் பிள்ளையைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழனி மலைச் சரிவுகளில் நெடுங்காலமாக வாழ்கிறவர்கள் பளியர்கள். தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் காட்டோடு வாழ்ந்தவர்கள். இன்று பெரும்பாலும் காப்பித் தோட்டக் கூலிக்குப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்புக்கு வருவார்கள், எட்டாம் வகுப்புக்குள் நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று ஓய்வறையில் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நம்பாதீர்கள்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1960-களில் பளியர்களோடு தங்கிக் களப்பணி செய்தவர். பிறகும் பல பத்தாண்டுகள் அவர்களைப் பற்றி எழுதினார். ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பதும், அடுத்தவரை மரியாதைக் குறைவாக நடத்துவதும் அவர்களுக்கு ஒவ்வாத காரியங்கள். சச்சரவு வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போவதே அவர்கள் வழி. குழந்தையைக்கூட அதட்டி ஆள்வது குறைவு. இதைத்தான் அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இப்போது நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். யார் முதலில் கை தூக்குகிறார் என்று பார்க்கிறோம். மதிப்பெண்ணை உரக்கப் படிக்கிறோம். முதல் மூன்று இடத்தைப் பலகையில் எழுதுகிறோம். தப்பாகச் சொன்னவனை நிற்க வைக்கிறோம். அந்தப் பிள்ளை வீட்டில் கூடாது என்று கற்றதை எல்லாம் நாம் பள்ளியில் பாராட்டுகிறோம். அவன் செய்யக்கூடியது ஒன்றுதான், விலகிப் போவது. முதலில் பின்வரிசைக்குப் போவான், பிறகு வீட்டுக்குப் போய்விடுவான்.

செய்ய வேண்டியது கடினமில்லை. மதிப்பெண்ணைத் தாளில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள். கேள்வியைக் குழுவிடம் கேளுங்கள், பதிலும் குழுவாகவே வரட்டும். அந்தப் பிள்ளையிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நடந்துகொண்டே, வேலை செய்துகொண்டே, முகத்தை நேராகப் பார்க்காமல் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். உரக்கத் திட்டாதீர்கள். ஒரே ஒரு திட்டுக்குப் பிறகு வாரக்கணக்கில் வராத பிள்ளைகள் உண்டு. வகுப்பில் எல்லார் முன்னாலும் சாதியைக் கேட்டுப் பதிவேட்டை நிரப்புவதை எந்தப் பிள்ளைக்கும் செய்யாதீர்கள். அந்த விவரம் அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

3. வீட்டுப் பேச்சை எழுத விடுங்கள்.

நம் பாடநூல் எழுதப்பட்டிருக்கும் தமிழ் இங்கே எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. மதுரையிலும் தஞ்சாவூரிலும்கூட அப்படித்தான். ஆனால் இங்கே தொலைவு இன்னும் கூடுதல். பளியர் பேச்சு ஒரு மாதிரி இருக்கும். தோட்டக் குடியிருப்பின் பேச்சு வேறு மாதிரி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து திரும்பியவர்களில் பலர் கொடைக்கானல் மலையில் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அந்த மலையகத் தமிழின் சாயல் இன்னும் கேட்கும். சில வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். இந்த வேறுபாட்டைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஆசிரியர் சிரித்தால் வகுப்பே சிரிக்கும்.

எனக்குப் பலன் கொடுத்த முறை இது. பிள்ளை வாயால் சொல்வதை அப்படியே பலகையில் எழுதுங்கள்: “எங்கய்யா மொளகு பறிக்கப் போயிருக்காரு, மழ வந்தா சாயங்காலமே வந்துருவாரு.” அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தான் சொன்னதுதானே, எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவனும் வாசித்துவிடுவான். பிறகு அதன் கீழே, “என் தந்தை மிளகு பறிக்கச் சென்றிருக்கிறார், மழை வந்தால் மாலையிலேயே திரும்பிவிடுவார்” என்று வகுப்பே சேர்ந்து மாற்றட்டும். மேலே எழுதியதைத் தவறு என்று அடிக்காதீர்கள். இரண்டும் பலகையில் அருகருகே இருக்கட்டும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று தேர்வுக்கும் கடிதத்துக்கும் என்று பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொள்வார்கள். ஆகஸ்டுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிச் சொந்த வாக்கியங்கள் ஒரு நோட்டு நிறையச் சேர்ந்துவிடும். அதுதான் அவர்களுக்கு முதல் வாசிப்புப் புத்தகம். ஒடிசாவில் 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி கொடுக்கத் தொடங்கினார்கள், அந்தந்த மொழி பேசுகிறவர்களையே ஆசிரியர்களாகவும் சேர்த்தார்கள். இங்கே தனி எழுத்தோ தனிப் புத்தகமோ தேவையில்லை. பிள்ளையின் பேச்சுக்குப் பலகையில் இடம் கொடுத்தாலே பாதி தூரம் வந்துவிடுவோம்.

4. மொழிக்குத் துணையாக வந்திருப்பவர்களுக்குத் தனியாக.

உங்களைப் போன்றவர்களை வகுப்பறைக்கு அழைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஜப்பான் 1987-இல் ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கி, அன்றிலிருந்து வெளிநாட்டு இளைஞர்களைத் தன் பள்ளிகளில் ஆங்கிலத் துணைக்கு அமர்த்திவருகிறது. நாட்டின் எல்லா மூலைக்கும், சிறு தீவுகளுக்கும்கூட அவர்கள் போகிறார்கள். நம் மாநிலத்தில் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு உள்ளூர்ப் பெண்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். பெருந்தொற்றில் எழுத்தை மறந்துபோன குழந்தைகளை மீட்டதில் அவர்களின் பங்கு பெரியது. ஆகவே உங்களை இரண்டாம் ஆள் என்று நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள்.

உங்கள் வேலை பிள்ளைகளைப் பேச வைப்பது. ஆங்கில வகுப்பில் நீங்களே முழு நேரமும் பேசினால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். மனப்பாடக் கட்டுரை வேண்டாம். புல்லாவெளி அருவிக்கு வழி கேட்டு வெளியூர்க் கார் ஒன்று நிற்கிறது, வழி சொல் என்று கேளுங்கள். காப்பிப் பழம் பறித்ததிலிருந்து காய்ந்த கொட்டை மூட்டையாவது வரைக்கும் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்லுங்கள். விஷயம் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும் என்பதால் சொற்களைத் தேடுவதற்கு மட்டும் அவர்கள் சிரமப்பட்டால் போதும். ஒரு வாக்கியத்தில் மூன்று பிழை இருந்தால் ஒன்றைத் திருத்துங்கள், அதுவும் அவன் சொல்லி முடித்த பிறகு.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். துணைக்கு ஆள் வந்திருக்கிறார் என்று வகுப்பை அவரிடம் விட்டுவிட்டு எமிஸ் பதிவுக்கோ அலுவலகத்துக்கோ போய்விடாதீர்கள். நோட்டுக்கு அட்டை போடவும் வருகைப் பட்டியல் எழுதவும் அவரை அனுப்பாதீர்கள். முந்தைய நாள் பத்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து, நாளை நான் இதைச் செய்கிறேன், நீ இந்தப் பிள்ளைகளோடு இரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பெண்ணுக்குப் பிள்ளைகளின் பேச்சு தெரியும், வீடு தெரியும், எந்த வீட்டில் நேற்று என்ன நடந்தது என்பது தெரியும். உங்கள் பட்டம் அவளுக்குப் பயன்படுவதைவிட அந்த அறிவு உங்களுக்கு அதிகம் பயன்படும். பிள்ளைகள் எதிரில் அவளை “டீச்சர்” என்றே கூப்பிடுங்கள்.

5. காப்பிப் பருவத்தைக் கணக்கில் எடுத்துப் பாடத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண் சரிந்தால் பேருந்து நிற்கும். மழை விட்டதும் காப்பிப் பழம் சிவக்கும். கார்த்திகை, மார்கழி, தை முழுக்கப் பறிப்பு. அரையாண்டுத் தேர்வு சரியாக அதன் நடுவில் வருகிறது. தை பிறந்தால் மிளகு. இந்த மாதங்களில்தான் வீட்டுக்கு நாலு காசு வரும். தாயும் தகப்பனும் விடியலில் தோட்டத்துக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டாம் வகுப்புப் பெண் வீட்டில் நிற்பாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் பறிப்புக்கே போய்விடுவான். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே வரிசையாக விழும் குறியைப் பார்த்து நீங்கள் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அந்தப் பையன் பொங்கலுக்குப் பிறகும் வரமாட்டான்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு. கனமான பாடங்களை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடியுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, யார் யார் வீட்டில் இந்த வருடம் பறிப்புக்கு ஆள் தேவை என்று விசாரியுங்கள். அந்தப் பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள், ஒரு நாள் கூலி போய்விடும். மாலையில் நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். “பையனை அனுப்பாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம்” என்று மிரட்டாமல், வாரத்தில் எந்த நாட்கள் அனுப்ப முடியும் என்று கேளுங்கள். நேரில் வந்து கேட்கிற ஆசிரியருக்கு இந்த ஊர்க்காரர்கள் மறுப்புச் சொல்வது அபூர்வம். கைக்குழந்தைக்காக நிற்கும் பெண்ணுக்கு ஊரில் அங்கன்வாடி எத்தனை மணி வரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பல சமயம் சிக்கல் அவ்வளவு எளிதில் தீரும்.

6. நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.

தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. காட்டுமாடு தோட்டத்துக்குள்ளேயே மேயும். பிள்ளைகளில் பலர் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஒற்றையடிப் பாதையில் நடந்து போகிறவர்கள். சிறப்பு வகுப்பு என்று மாலை ஐந்தரை வரை உட்கார வைத்தால், பனி இறங்கிய பிறகு அந்தப் பாதையில் அவர்கள் போக வேண்டியிருக்கும். சிறப்பு வகுப்பு தேவை என்றால் காலையில் வையுங்கள், அல்லது மதிய உணவுக்குப் பின் அரை மணி எடுத்துக்கொள்ளுங்கள். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அதை வராமல் இருப்பதற்கான சாக்கு என்று தள்ளாதீர்கள்.

7. முடிந்தால் மலையிலேயே தங்குங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக நாள்தோறும் ஏறி இறங்கலாம்தான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், குடும்பம் கீழே இருக்கும்போது குறை சொல்வதற்கில்லை. ஆனால் பேருந்து தாமதமானால் முதல் பாடவேளை போய்விடும், கடைசிப் பேருந்துக்காகக் கடைசிப் பாடவேளையும் அரைகுறையாகும். வாரத்தில் மூன்று இரவாவது தங்க அறை பாருங்கள். நல்ல குடை, கம்பளி, மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, இவ்வளவு போதும். சந்தையில் காய் வாங்கும்போதும் டீக்கடையில் நிற்கும்போதும் பெற்றோர் உங்களிடம் பேசுவார்கள். பள்ளிக் கூட்டத்தில் வாய் திறக்காத தகப்பன் டீக்கடையில் பிள்ளையைப் பற்றி நிறையச் சொல்வார்.

8. சான்றிதழையும் உதவித்தொகையையும் எட்டாம் வகுப்பிலேயே பாருங்கள்.

பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்க முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் கிடைக்கும். மலையிலிருந்து அந்த அலுவலகத்துக்கு அலைய ஒரு தகப்பனுக்குப் பல நாள் கூலி போகும், அதற்குப் பயந்தே விட்டுவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கல்லூரிக்குப் போகும்போது அது இல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. பள்ளியிலேயே விண்ணப்பங்களைச் சேர்த்து, பெற்றோர் சிலரை ஒன்றாக அழைத்துப் போங்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அந்தப் பணம் காப்பிப் பருவக் கூலிக்கு ஓரளவு ஈடு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டு திட்டங்களிலும் மாதம் ஆயிரம். இதைத் தாய்மார்களிடம் சொல்லுங்கள். படிப்பை நிறுத்தலாமா என்ற பேச்சு எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் நடந்துவிடுகிறது.

9. மலையைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பை அங்கே அழைத்துப் போங்கள். விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், முடிக்கொத்து நோய் அந்த வாழைத் தோட்டங்களை அழித்ததையும் தாத்தாக்கள் அறிவார்கள். ஒரு தாத்தாவை வகுப்புக்கு அழைத்துச் சொல்ல வையுங்கள், அறிவியல் ஆசிரியர் வைரஸ் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். ஆங்கிலாட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் இந்த மலைகளின் கல்திட்டைகளைத் தேடி அலைந்து ஆராய்ந்ததை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் புத்தகமாக்கியது. பிறகு தொல்லியல் அறிஞர் கா.ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். வரலாற்று வகுப்பில் எகிப்துக்குப் போவதற்கு முன் தாண்டிக்குடிக்குப் போய்விட்டு வாருங்கள். வாய் திறக்காத பிள்ளை, தன் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல்லைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் முன்னால் நடப்பான்.

10. மாறுதல் கேட்டுப் போகும்போது நோட்டை விட்டுவிட்டுப் போங்கள்.

பொது மாறுதல் கலந்தாய்வு வரும், உங்களில் பலர் ஊர்ப்பக்கம் போவீர்கள். வயதான பெற்றோர், கைக்குழந்தை, கணவர் வேலை என்று நியாயமான காரணங்கள் இருக்கும். போகலாம். ஆனால் ஒரு ஆசிரியர் போகும்போது, எந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் கற்ற எல்லாமும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். பிள்ளை மறுபடியும் பின்வரிசைக்குப் போகிறது.

அதனால் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்தச் சிற்றூர், எந்தப் பாதை, வீட்டில் என்ன பேசுகிறார்கள், எதைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் தைரியமாக இருக்கிறது, எந்த மாதத்தில் வருகை குறையும், சான்றிதழ் வந்ததா. மதிப்பெண் வேண்டாம், அது வேறு இடத்தில் இருக்கிறது. குற்றப் பட்டியலும் வேண்டாம். போகும் நாளில் அந்த நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். உங்களோடு வகுப்பில் நின்ற உள்ளூர்த் துணை ஆசிரியையிடம் கொடுங்கள். புதியவர் வந்து சேரும் காலையில் அவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துச் சொல்ல அந்த ஆசிரியையால்தான் முடியும்.